கோத்தகிரியில் காலி இடம்: ஹேசல்நட் வைப்பதா, சப்போட்டா வைப்பதா?

மலைவீடு (கோத்தகிரி):

எல்லோருக்கும் வணக்கம். போன மாதக் காற்றில் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு சில்வர் ஓக் சாய்ந்துவிட்டன. மரத்தை எடுத்த பிறகு கொஞ்சம் நல்ல வெயில் விழும் இடம் கிடைத்திருக்கிறது. சரிவான நிலம், தண்ணீர் தேங்காது, தேயிலை மண்.

பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் ஹேசல்நட் செடி வேண்டும் என்கிறார்கள். சாக்லேட்டில் வருகிற பருப்பு நம் வீட்டிலேயே காய்க்க வேண்டுமாம். எனக்குச் சப்போட்டா மேல்தான் ஆசை. காரமடையில் அப்பா வீட்டில் ஒரு சப்போட்டா மரம் இருக்கிறது. அவர் கையால் வைத்தது, இருபத்தைந்து வயதிருக்கும். அதன் கிழக்குப் பக்கக் கிளைகள் இன்னும் கூடை கூடையாகக் காய்க்கின்றன. மேற்குப் பக்கம் மட்டும் அடர்த்தியாக வளர்ந்தும் சப்போட்டா பிடிப்பதில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அதிலிருந்து ஒரு பதியன் எடுத்து இங்கே வைக்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டையும் வளர்த்தவர்கள் சொல்லுங்கள். எது சரிப்படும்? இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது.

---

செம்மண் (பல்லடம்):

அக்கா, சப்போட்டா கோத்தகிரியில் வராது. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் வரைதான் அதற்கு ஏற்ற இடம். நீங்கள் ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருக்கிறீர்கள். செடி உயிரோடு நிற்கலாம், ஆனால் குளிரில் அப்படியே உறைந்த மாதிரி நிற்கும். எங்கள் உறவினர் ஒருவர் குன்னூரில் வைத்து ஆறு வருடம் பார்த்தார். இடுப்பு உயரம்தான் வந்தது.

ஹேசல்நட் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வரட்டும்.

---

வில்லமெட் வாசி (ஓரிகன், அமெரிக்கா):

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சொந்த ஊர் திருச்செங்கோடு. பதினொரு வருடமாக ஓரிகன் மாநிலத்தில் வில்லமெட் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட்டில் 99 சதவீதம் இந்த மாநிலத்தில்தான் விளைகிறது. 1989-இல் இதை மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பருப்பாகவே அறிவித்தார்கள். என் வீட்டுக் கொல்லையில் மூன்று செடிகள் இருக்கின்றன.

முதலில் ஒன்று: இது மரம் இல்லை, புதர். விட்டால் அடியிலிருந்து பத்துப் பதினைந்து தண்டு கிளம்பி நாலைந்து மீட்டர் உயரத்துக்குக் குடை மாதிரி விரியும். தோப்புக்காரர்கள் அடித்தளிர்களை வருடத்துக்கு மூன்று நான்கு முறை எடுத்துவிட்டு ஒற்றைத் தண்டாக வளர்ப்பார்கள். எந்திரத்தால் தரையைக் கூட்டி அள்ள அதுதான் வசதி. வீட்டுக்குப் புதராகவே விடலாம்.

இது பூப்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஜனவரியில், இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளில், மஞ்சள் குஞ்சங்கள் விரல் நீளத்துக்குத் தொங்கும். அவை ஆண் பூக்கள். முந்தைய கோடையிலேயே சின்னதாக உருவாகிக் காத்திருப்பவை. பெண் பூ கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மொட்டின் நுனியில் குங்குமப்பூ இழை மாதிரி நாலைந்து சிவப்பு முடி நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தேனீ தேவையில்லை, காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது. மகரந்தம் விழுந்த உடனே கருத்தரிப்பதும் இல்லை. நாலைந்து மாதம் அப்படியே உறங்கி, வெயில் காலம் தொடங்கும்போதுதான் கரு உருவாகிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் காய் தானாக உதிர்ந்து தரையில் கிடக்கும். பறிக்க ஏணி வேண்டாம், பொறுக்கினால் போதும்.

இனி உங்களுக்கு முக்கியமானது. ஒரே செடி வைத்தால் காய்க்காது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம் இது. வேறு ரகம் ஒன்று பக்கத்தில் வேண்டும், அதுவும் ஒத்துப்போகிற ரகமாக இருக்க வேண்டும். ஒத்துப்போகாத இரண்டு ரகத்தை வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

அடுத்தது குளிர். பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,200 மணி நேரம் வேண்டும். எங்களுக்கு நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை அந்தக் குளிர் விடாமல் கிடைக்கிறது. கோத்தகிரியில் எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள்.

---

மலைவீடு:

தம்பி, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. மாடியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை 8 அல்லது 9 டிகிரி. 7-க்குக் கீழே போகிற விடியல் வருடத்துக்கு ஏழெட்டு வரலாம். காலை பத்து மணிக்கெல்லாம் 17, 18 வந்துவிடுகிறது. மொத்தமாகக் கூட்டினாலும் ஐம்பது மணி நேரம் தேறாது.

ஆனால் இங்கே பேரிக்காய் காய்க்கிறது, பிளம்ஸ் காய்க்கிறது, எதிர்வீட்டில் பீச் இருக்கிறது. அவையும் குளிர் கேட்கிற மரங்கள்தானே?

---

வில்லமெட் வாசி:

நல்ல கேள்வி அக்கா. நீலகிரியில் நிலைத்தவை எல்லாம் குறைந்த குளிரிலேயே பூக்கிற ரகங்கள். பீச்சிலும் பிளம்ஸிலும் அப்படிப்பட்ட ரகங்கள் நிறைய உண்டு. ஹேசல்நட்டில் அந்த அளவுக்குத் தேர்ந்தெடுத்த ரகங்கள் கிடையாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆண் குஞ்சத்துக்கு வேண்டிய குளிர் பொதுவாகக் குறைவு, பெண் பூவுக்கும் இலை மொட்டுக்கும் கூடுதல். குளிர் போதாத இடத்தில் குஞ்சம் முதலில் விரிந்து மகரந்தத்தைக் கொட்டிவிடும். பெண் பூ விழிக்கும்போது காற்றில் எதுவும் இருக்காது.

துருக்கியில் கருங்கடல் கரையில் ஓர்து, கிரேசுன், ட்ரப்சோன் பக்கம்தான் உலக ஹேசல்நட்டில் பாதிக்கு மேல் விளைகிறது. அங்கேயும் கடலோர ஈரமும், மிதமானாலும் நீண்ட குளிர்காலமும்தான் காரணம். கோத்தகிரியின் குளிர் விடிகாலையில் வந்து காலையிலேயே போய்விடுகிற குளிர்.

---

அடையாற்று மாடி (சென்னை):

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் ஏமாற வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஹேசல்நட் செடி என்று 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். "எல்லாத் தட்பவெப்பத்திலும் வளரும்" என்று போட்டிருந்தார்கள். ஜூலையில் வந்தது, மழைக்காலம் முழுக்க நன்றாகத் தழைத்தது. டிசம்பரில் இலை உதிரும் என்று எதிர்பார்த்தேன், உதிரவில்லை. ஏப்ரலில் ஓரம் கருகத் தொடங்கி மே பத்தாம் தேதிக்குள் முழுதாகக் காய்ந்தது. நிழல்வலை கட்டினேன், நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் விட்டேன், வேர் அழுகியதுதான் மிச்சம். அது ஹேசல்நட்தானா என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது.

அதே மாடியில் 100 லிட்டர் டிரம்மில் இருக்கும் பி.கே.எம். 1 சப்போட்டா மூன்றாம் வருடத்திலிருந்து காய்க்கிறது. போன கோடையில் 60 பழம் எண்ணினேன்.

---

பெரியகுளத்தார் (தேனி மாவட்டம்):

சப்போட்டாவைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன், முப்பது வருடப் பழக்கம். எங்கள் ஊரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியில்தான் பி.கே.எம். ரகங்கள் உருவாகின. பி.கே.எம். என்பதே பெரியகுளம்தான். முதல் ரகம் குத்தி என்ற பழைய ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. கட்டையாகப் படர்ந்து வளரும், வீட்டுத் தோட்டத்துக்கு நல்லது. இடம் தாராளமாக இருந்தால் கிரிக்கெட் பால் என்ற ரகம் வைக்கலாம், பழம் பெரிது, இனிப்பு சற்று மட்டு. கோவையில் கிரிக்கெட் பாலையும் ஓவலையும் சேர்த்து உருவாக்கிய கோ 1-உம் இருக்கிறது. இடைவெளி 8 மீட்டர். சின்னச் செடியாக இருக்கும்போது அவ்வளவு இடமா என்று தோன்றும், பத்தாவது வருடத்தில் புரியும்.

உப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கும், வறட்சியைத் தாங்கும், காற்றுக்குச் சாயாது. தாங்காதது உறைபனி. இளஞ்செடி பூஜ்யத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி போனாலே போய்விடும்.

பறிப்பதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். மாம்பழம் மாதிரி இது நிறம் மாறிக் காட்டாது. காயின் மேல் இருக்கும் பழுப்பு மாவு தானாக உதிர்ந்து தோல் வழவழப்பாகும். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அது இன்னும் பிஞ்சு, விட்டுவிடுங்கள். மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் பறிக்கலாம். பாலும் நீர்த்து, குறைவாக வடியும். பறித்ததைக் கழுவி, நிழலில் ஆறவைத்து, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் நாலைந்து நாளில் பழுக்கும். பிஞ்சில் பறித்தால் ஒரு வாரம் வைத்தாலும் துவர்ப்பு போகாது, நாக்கில் பிசின் ஒட்டும்.

பதியன் என்று எழுதியிருந்தீர்களே அம்மா, வேண்டாம். சப்போட்டாவைப் பாலா வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். வேர் பாலா மரத்துடையது, மேலே இருப்பது சப்போட்டா. அதனால்தான் வறட்சியிலும் நிற்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் பாலா மேலேறி மரத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

---

வன்னிப்பாலை (கிளிநொச்சி):

பெரியகுளத்து ஐயா சொல்லும் பாலாதான் எங்கள் பாலை. வன்னிக் காடெல்லாம் நிற்கும் மரம். வைகாசி, ஆனியில் பழுக்கும்போது காட்டுப் பாதையில் போனால் வாசனையே சொல்லிவிடும். மஞ்சளாக, விரல் நுனி அளவுப் பழம். அதிகம் தின்றால் பாலில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய் பூசித்தான் கழுவுவோம். அந்தப் பருவத்தில் கரடியும் பழத்துக்கு வரும் என்பதால் விடியற்காலையில் சிறுவர்களைத் தனியே அனுப்பமாட்டார்கள்.

அம்மம்மாவின் வளவில் வீட்டின் வளையும் தீராந்தியும் (கூரை விட்டங்கள்) பாலை மரம்தான். கறையான் தொட்டதில்லை. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

---

செம்மண்:

எங்கள் பக்கம் உலக்கைப் பாலை என்பார்கள். உலக்கை செய்கிற மரம் என்பதால் வந்த பெயர்.

---

வில்லமெட் வாசி:

வன்னிப்பாலை எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவு வருகிறது. சப்போட்டாவின் தாயகம் தெற்கு மெக்சிகோ, பெலீஸ், குவாத்தமாலா காடுகள். அங்கே திக்கால் என்ற மாயர் நகரத்தில் கோயில் வாசல் விட்டங்களைச் சப்போட்டா மரத்தில்தான் செதுக்கி வைத்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் அந்த மழைக்காட்டில் நின்றிருக்கின்றன. பாலையும் சப்போட்டாவும் ஒரே பேரினம். இரண்டுக்கும் பால், இரண்டுக்கும் இரும்பு மாதிரி மரம். அந்தச் சப்போட்டாப் பாலைக் காய்ச்சி எடுத்த சிக்கிள் பிசினில்தான் பழைய சூயிங்கம் செய்தார்கள். தாமஸ் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் 1871-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

அப்புறம் ஒன்று. அடித்தளிர் இரண்டு செடிக்கும் வரும், ஆனால் பொருள் வேறு. ஹேசலை இங்கே பெரும்பாலும் ஒட்டுக் கட்டுவதில்லை. தாய்ச்செடியின் அடியில் வரும் தளிர்களைச் சுற்றி மரத்தூள் கொட்டி வேர்விடவைத்துப் பிரிக்கிறார்கள். ஆக, அடியில் கிளம்புவதும் அதே ரகம்தான். கோடாலியால் அடியோடு வெட்டினாலும் அதே செடி திரும்ப வரும். சப்போட்டாவில் ஒட்டுக்குக் கீழே கிளம்புவது வேறு மரம்.

---

கென்ட் தோட்டம் (இங்கிலாந்து):

இங்கே கென்ட் மாவட்டத்தில் ஹேசல் பழைய பயிர், 'கென்டிஷ் காப்' என்ற ரகத்துக்குப் பெயரே இந்த ஊர்தான். வெட்ட வெட்டத் துளிர்ப்பது என்று மேலே எழுதியதை அப்படியே ஒரு தொழிலாக நடத்தியிருக்கிறார்கள். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை புதரைத் தரையோடு வெட்டுவார்கள். வளர்ந்து வரும் நீளக் கம்புகளைப் பிளந்து ஆட்டுப் பட்டிக்குத் தட்டி பின்னுவார்கள். ஈரக் கம்பை முறுக்கினால் கயிறு மாதிரி வளையும், ஒடியாது.

ஆனால் பருப்பு எனக்கு எத்தனை கிடைக்கும் என்று கேளுங்கள். ஆகஸ்டில் காய் இன்னும் பச்சையாக இருக்கும்போதே சாம்பல் அணில்கள் வந்துவிடும். நாலு வருடத்தில் ஒரு வருடம்தான் முழுதாக ஒரு கிண்ணம் எடுத்தேன். அதிலும் பதர் பாதி. ஓடு திடமாக இருக்கும், உடைத்தால் உள்ளே பருப்பே இருக்காது. இருந்தாலும் பிடுங்கிப் போட மனம் வரவில்லை. ஜனவரி இருட்டில் தோட்டத்தில் வேறெதுவும் உயிரோடு இல்லாதபோது அந்த மஞ்சள் குஞ்சம் ஆடும். அதற்காகவே வைத்திருக்கிறேன்.

---

பெரியகுளத்தார்:

அணில் இங்கேயும் உண்டு. சப்போட்டாவுக்கு அதைவிட வௌவால். பழுக்கிற வாசனை வந்தால் ஒரே இரவில் காலி செய்துவிடும். முற்றியதும் பறித்துவிடுவதுதான் வழி. மரத்தில் பழுக்க விடாதீர்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். சப்போட்டா விதையின் நுனியில் கொக்கி மாதிரி ஒரு முனை இருக்கும். தொண்டையில் மாட்டினால் ஆபத்து. விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

---

கென்ட் தோட்டம்:

ஆபத்தில் ஹேசலும் குறைந்ததில்லை. பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் கடுமையாக இருக்கும். பேரப்பிள்ளைகளில் யாருக்காவது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா.

---

மலை ஏறி (தற்போது இமாச்சலம்):

ஹேசலை இந்தியாவுக்கே அந்நியம் என்று நினைக்க வேண்டாம். சம்பா மாவட்டத்தில் பாங்கிப் பள்ளத்தாக்கில் காட்டிலேயே இருக்கிறது, இமயமலையின் சொந்த இனம். ஊரில் தாங்கி என்கிறார்கள். குளிர்காலத்தில் பனி மூடி வழியே அடைபட்டுப் போகும் இடம். பனிக்காலத்துக்கு முன் காட்டுக்குப் போய்ப் பொறுக்கிவந்து, ஓட்டோடு சேர்த்து வைப்பார்கள். அங்கே போய் அந்த மரத்தின் கீழ் நின்ற பிறகுதான், இதை ஏன் கீழே கொண்டுவர முடியாது என்று எனக்குப் புரிந்தது.

---

செம்மண்:

இவ்வளவையும் படித்த பிறகும், கோத்தகிரியில் ஒன்றைச் சோதனைக்கு வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இலை அழகாகத்தானே இருக்கும்?

---

வில்லமெட் வாசி:

இடம் நிறைய இருந்தால் நானும் அதையே சொல்வேன். அக்காவுக்கு இருப்பது ஒரே ஒரு வெயில் இடம். காய்க்க வேண்டுமென்றால் இரண்டு ரகம், சேர்த்து ஐந்து மீட்டருக்கு மேல் இடம், நாலைந்து வருடக் காத்திருப்பு, கடைசியில் பெரும்பாலும் வெறும் இலை. பிள்ளைகள் கேட்டது பருப்பு. அவர்களிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம்.

நானும் ஒரு தடவை இதற்கு நேரெதிராகச் செய்து பார்த்தேன். மியாமி பக்கம் வேலைக்குப் போனபோது ஹோம்ஸ்டெட்டிலிருந்து ஒரு சப்போட்டா ஒட்டு வாங்கிவந்து, வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தேன். கோடையில் வெளியே, குளிரில் உள்ளே. ஆறு வருடம் இருந்தது. பூ வந்தது, காய் பிடிக்கவில்லை. ஒரு நவம்பரில் ஊருக்குப் போய்வந்தபோது ஹீட்டர் நின்றிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது இலையெல்லாம் கருத்துத் தொங்கியது. அதன் இலையைத் தொட்டுக்கொண்டே அம்மாவோடு போனில் பேசுவது வழக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று வாங்க மனம் இல்லை.

---

மலைவீடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காரமடை போய்வந்தேன். அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

பெரியகுளத்து ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மேற்குப் பக்கக் கிளை நினைவாகவே இருந்தது. போனதும் அடியில்தான் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டின் தழும்பு தெரிகிறது. மேற்குக் கிளை அதற்குக் கீழே இருந்து கிளம்புகிறது. இலையை இரண்டு பக்கமும் பறித்து வைத்துப் பார்த்தேன். கிழக்குப் பக்க இலை வெளிர்ப்பச்சை, நுனி கூராக இருக்கிறது. மேற்குப் பக்கம் கரும்பச்சை, நுனி உள்ளே வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் சின்னதா மஞ்சளா காய்க்குமே, குருவி வந்து தின்னுமே" என்கிறார். இருபத்தைந்து வருடம் அப்பாவும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா கடைசி வருடங்களில் அந்தப் பக்கத்துக்குத்தான் அதிகம் எரு போட்டார், காய்க்கவில்லையே என்று.

கோத்தகிரி இடத்துக்கு இரண்டு பிளம்ஸ் வாங்கப் போகிறேன். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சின்னவன் கொஞ்சம் அழுதான், பிறகு மரம் ஏறலாமா என்று கேட்டான். சப்போட்டா காரமடையிலேயே இருக்கட்டும், மலை இறங்கினால் ஒரு மணி நேரம்தான்.

ஐயா, அந்த மேற்குக் கிளையை என்ன செய்வது? வெட்டிவிடவா?

---

பெரியகுளத்தார்:

ஒரே தடவையில் வெட்டாதீர்கள் அம்மா. மரத்தில் பாதி அது. திடீரென்று எடுத்தால் கிழக்குப் பக்கத்தின் தண்டில் வெயில் பட்டு வெடிக்கும், மரம் ஒரு பக்கமாகச் சாயவும் கூடும். இந்த வருடம் மூன்றில் ஒரு பங்கு, மழை முடிந்ததும். அடுத்த இரண்டு வருடத்தில் மீதி. வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். இனி ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கையாலேயே கிள்ளிவிடுங்கள். கிழக்குப் பக்கம் இன்னும் நாற்பது வருடம் காய்க்கும்.

---

வன்னிப்பாலை:

ஐயா சொல்வது சரி. ஆனாலும் அக்கா, முழுதையும் எடுத்துவிடாதீர்கள். எட்டுகிற உயரத்தில் ஒரு கொப்பை மட்டும் விட்டுவையுங்கள். அடுத்த வைகாசியில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்த மஞ்சள் பழத்தைத் தின்னக் கொடுங்கள். நல்லெண்ணெய் கொண்டுபோக மறக்க வேண்டாம்.

---

மலைவீடு:

ஒரு கொப்பு விடுகிறேன் தம்பி. எந்தக் கொப்பு என்று அடுத்த வாரம் போய்ச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வருகிறேன்.